அழிப்பதற்கு முன்

கோடம்பாக்கத்தில் பூரணி டீச்சருக்கு ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. புது டேப் வாங்கிக் கட்டுப்படியாகாத காலம் அது. மற்றவர்களைப் போலவே டீச்சரும் பழைய டேப்பை அழித்துவிட்டு அதிலேயே மறுபடி பாட வைப்பார். ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பாடப் போகிறவர்தான் பழையதை அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முன்னால் அதில் இருப்பதை உட்கார்ந்து முழுக்கக் கேட்க வேண்டும்.

"அழிக்கப் போறதை எதுக்கு டீச்சர் கேக்கணும்?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

"பாடினவங்க இப்ப இங்க இல்ல. கடைசியா ஒருத்தராவது கேக்கட்டுமே" என்பார் டீச்சர்.

உலகநாதன் டீச்சரைவிட வயதில் மூத்தவன். நாடகக் கம்பெனியில் பாடிக்கொண்டிருந்து, கம்பெனி கலைந்ததும் இவரிடம் பாட்டுக் கற்க வந்தவன். வந்து பல வருஷமாகிவிட்டது. தலை நரைத்த சிஷ்யப் பிள்ளை என்று தபலாக்காரர் கிண்டல் செய்வார். அதெல்லாம் அவனுக்கு உறைத்ததே இல்லை. சலோமி வந்த பிறகுதான் உறைக்க ஆரம்பித்தது.

சலோமி தூத்துக்குடிக்காரி. பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சர்ச்சில் பாடிப் பழகியவள், டீச்சரிடம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை முடிந்து வந்த களைப்போடு மைக் முன்னால் நிற்பாள். அவள் வாயைத் திறந்தால் தபலாக்காரர் பீடியைக் கீழே போட்டுவிடுவார். தான் பாடும்போது அவர் புகைத்துக்கொண்டே இருந்ததை உலகநாதன் அதன் பிறகுதான் கவனித்தான்.

கேசட் கம்பெனி ஒன்றுக்காக மழையைப் பற்றி ஒரு பாட்டு. பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் நாலு அடி விருத்தம் வரவேண்டும். விருத்தத்துக்கு மெட்டு கிடையாது. ராகத்தை மட்டும் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் மனசு போகிற வழியில் பாட வேண்டியதுதான். டீச்சர் இரண்டு பேரையும் ஆளுக்கொரு டேப்பில் பாட வைத்தார். கம்பெனிக்காரர் இரண்டையும் கேட்டார். சலோமியுடையதை வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் அந்த டேப்பின் மேல் பச்சைக் காகிதம் ஒட்டி அலமாரியில் வைத்தார். பச்சை ஒட்டியதை யாரும் அழிக்கக் கூடாது.

உலகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் குரல் ஒரு கேசட்டிலும் வந்ததில்லை. மறுநாள் வியாழக்கிழமை காலையில் டீச்சர் முன்னால் போய் நின்றான்.

"டீச்சர், அவகிட்ட அப்படி என்ன இருக்கு, என்கிட்ட இல்லாதது?"

டீச்சர் தம்புராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதே நாலு அடியைப் பாடினார். உலகநாதன் எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். கண் மட்டும் அலமாரியில் தெரிந்த பச்சைக் காகிதத்தை விட்டு நகரவில்லை.

பாடி முடித்ததும், "ரொம்ப நல்லா இருந்தது டீச்சர்" என்றான்.

"சரி" என்று டீச்சர் தம்புராவை உறையில் போட்டார். மத்தியானம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார்.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. உலகநாதன் பச்சை ஒட்டிய டேப்பை எடுத்தான். வழக்கம் விடவில்லை, அதை மாட்டி முழுக்கக் கேட்டான். மறுபடியும் கேட்டான். பிறகும் கேட்டான். அழிக்கும் கருவி இஸ்திரிப் பெட்டி அளவில் ஒரு காந்தம். கரண்ட் கொடுத்து டேப்பின் மேல் மெதுவாகச் சுற்றினால் உள்ளே இருப்பது போய்விடும். கையில் கடிகாரம் இருந்தால் அதுவும் கெட்டுவிடும். உலகநாதன் மறக்காமல் கடிகாரத்தைக் கழற்றி வைத்தான். அந்த நிதானம் மட்டும் அவனுக்கு இருந்தது.

பிறகு அதே டேப்பில் தன் குரலில் விருத்தத்தைப் பாடிப் பதிந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் சலோமி சீக்கிரமே வந்துவிட்டாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று டீச்சர் டேப்பை மாட்டினார். ஸ்பீக்கரிலிருந்து உலகநாதனின் குரல் வந்தது.

"டேப் மாறிப் போச்சு போலிருக்கு" என்றான் உலகநாதன்.

டீச்சர் பச்சைக் காகிதத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம் பாட்டு எங்க அண்ணாச்சி?" என்றாள் சலோமி. "ஒங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

"அழாத. மறுபடி பாடு" என்றார் டீச்சர்.

சலோமி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாடினாள். இரண்டாவது அடியில் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நின்றது.

"வரமாட்டேங்கு டீச்சர். அன்னைக்கு என்ன பாடுனேன்னு எனக்கே தெரியல. அது பாட்டுக்கு வந்துச்சு, அது பாட்டுக்குப் போயிட்டு."

டீச்சர் உலகநாதன் பக்கம் திரும்பினார்.

"அழிக்கறதுக்கு முன்னாடி கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"முழுசா?"

"பல தடவை."

"எதுக்கு?"

"எங்கயாவது தப்பு இருக்குமான்னு."

"கிடைச்சுதா?"

"மூணாவது அடி முடியற இடத்துல மூச்சு வாங்கற சத்தம் கேட்டுது."

"எப்படி? பாடிக் காட்டுங்க."

உலகநாதன் தயங்கித் தயங்கி மூன்றாவது அடியைப் பாடினான். முடிவில் அந்த மூச்சையும் வாங்கிக் காட்டினான். சலோமி முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள்.

"முதல்ல இருந்து" என்றார் டீச்சர்.

அவன் முதலிலிருந்து பாடினான். அவள் எங்கே இழுத்தாள், எங்கே சட்டென்று விட்டாள், எந்த வார்த்தையைத் தொட்டும் தொடாமலும் போனாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. அவ்வளவு வயிற்றெரிச்சலோடு கேட்டிருந்தான்.

"இப்படியா பாடுனேன்?" என்றாள் சலோமி.

"இப்படித்தான்" என்றான் உலகநாதன்.

டீச்சர் டேப்பை அவன் கையில் கொடுத்தார். "இதை அழிச்சுக் குடுங்க. அவ பாடணும். பாடறவங்கதான் அழிக்கணும், ஆனா இன்னைக்கு நீங்க அழிங்க. வழக்கம் தெரியுமில்ல?"

அவன் உட்கார்ந்து, தான் பாடியதைக் கேட்டான். அதுவரை அவன் அதை ஒரு தடவைகூட முழுக்கக் கேட்டிருக்கவில்லை. முடிந்ததும் கடிகாரத்தைக் கழற்றி வைத்து அழித்தான்.

பிறகு சலோமிக்கு எதிரில் உட்கார்ந்து அடி அடியாகச் சொல்லிக்கொடுத்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலேயே கற்றுக்கொண்டாள். பழகிய பிறகு மைக் முன்னால் நின்று பாடினாள். மூன்றாவது அடியின் முடிவில் மூச்சு வாங்கினாள். அதை எடுத்துவிடலாமா என்று டீச்சர் கேட்டபோது, "வேண்டாம், அது இருந்தாதான் நல்லா இருக்கு" என்று சொன்னவன் உலகநாதன்தான்.

மத்தியானம் கம்பெனிக்காரர் வந்து டேப்பை வாங்கிக்கொண்டு போனார். சலோமியும் கிளம்பினாள். டீச்சரிடம் சொல்லிக்கொண்டாள். அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

உலகநாதன் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"என்னை வரவேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன் டீச்சர்."

"காலையில சொல்லியிருப்பேன். உங்களை அனுப்பியிருந்தா அவ பாட்டும் உங்களோட போயிருக்கும்."

"இப்ப?"

டீச்சர் ஸ்பீக்கரை அணைத்தார். "நீங்க அவ பாட்டை இவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கறதைப் பார்த்து எனக்கே பொறாமையா இருக்கு" என்றார்.

"நேத்து ஒண்ணு கேட்டேன். அவகிட்ட என்ன இருக்குன்னு. நீங்க பதிலே சொல்லலையே டீச்சர்" என்றான்.

"சொன்னேனே. தம்புராவை எடுத்து வச்சுப் பாடித்தானே சொன்னேன்."

"ஆமா, பாடினீங்க."

"முதல் அடியை எப்படி எடுத்தேன்? பாடிக் காட்டுங்க."

உலகநாதன் வாயைத் திறந்தான். சலோமியின் முதல் அடிதான் வந்தது. டீச்சர் எடுத்தது அவன் காதிலேயே விழுந்திருக்கவில்லை. பாதியில் நிறுத்தினான்.

டீச்சர் காத்திருந்தார். அவன் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்தான்.