இரண்டாம் பொட்டு

பாலகோமதி டாக்கீஸ் வாசலில் நின்று இருபது வருஷம் டிக்கெட் கிழித்தவர் ஆவுடையப்பன். ஒரு படமும் முழுசாகப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கதவுத் துணியின் இடுக்கு வழியாக.

நாற்பத்தெட்டாம் வயதில் ஆபரேட்டர் ஆக வேண்டும் என்று ஆசை வந்தது. ஆபரேட்டர் ரூமில் உட்கார்ந்தால் தினமும் முழுப்படம் பார்க்கலாம் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அவன் அந்த ரூமுக்குள் போயிருக்க மாட்டான்.

ஆபரேட்டர் மாசானமுத்துவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யர் பதினேழு வயது மூத்தவர். அதனால் அண்ணாச்சி என்று கூப்பிட்டுத்தான் திட்டுவார்.

ரூமில் இரண்டு மிஷின். பத்து நிமிஷத்துக்கு ஒரு ரீல். ஒரு மிஷினில் ரீல் முடிகிறபோது அடுத்த மிஷினுக்கு மாற்ற வேண்டும். பிந்தினால் திரை வெள்ளையாகும். முந்தினால் கதை அறுந்துபோகும். வேலை அவ்வளவுதான்.

முதல் நாள் மாசானமுத்து சொன்னார்: "பொட்டைப் பாருங்க அண்ணாச்சி. மொதப் பொட்டு வந்தா அடுத்த மிஷின் மோட்டாரப் போடணும். ரெண்டாம் பொட்டு வந்தா மாத்தணும். வேற எதையும் பாக்கப்பிடாது."

"சரி மாஸ்டர்."

மாஸ்டர் பீடி குடிக்க வெளியே போனார்.

ஆவுடையப்பன் கண்கொட்டாமல் பார்த்தார். கதாநாயகியின் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தான். நாலு பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்து நெற்றிப் பொட்டை அழித்தார்கள். ஆவுடையப்பன் பதறிப்போய் மிஷினை மாற்றிவிட்டார்.

பாடை இன்னும் கிளம்பவில்லை. அதற்குள் பிள்ளை பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்டான். தரை டிக்கெட் விசிலடித்தது.

மாசானமுத்து பாதிப் பீடியோடு வந்தவர், அதை வாசலிலேயே எறிந்துவிட்டு உள்ளே ஓடினார்.

"யாரு மாத்தச் சொன்னா?"

"பொட்டு போச்சே மாஸ்டர். இனி ரெண்டாவது எங்கருந்து வரும்? அதான் இப்பவே மாத்திட்டேன்."

"எந்தப் பொட்டு?"

"அவ நெத்திப் பொட்டு."

மாசானமுத்து சிஷ்யரின் தோளைப் பிடித்துத் திருப்பினார். பிறகு கண்ணாடித் துவாரம் வழியாகத் திரையைக் காட்டினார்.

"வலது பக்கம். மேல் மூலை. ஒரு சின்ன வட்டம் வரும். கண்ணச் சிமிட்டினா போயிரும். அதுக்குப் பேரு பொட்டு."

"இருவது வருசமா இங்கன இருக்கேன். அப்படி ஒண்ணப் பாத்ததே இல்லையே."

"நீங்க கதாநாயகியப் பாத்துட்டு இருந்திருப்பீங்க."

இப்படி மூலை தெரிந்துவிட்டது. ஆனால் கண் மூலையில் நிற்க மறுத்தது.

கதாநாயகி அழுதால் ஆவுடையப்பனும் அழுதார். கண்ணீரில் பொட்டு கரைந்துபோயிற்று. திரை வெள்ளையாயிற்று. லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தவறினார். முதல் தடவை காமெடி சீனில் சிரித்ததால். இரண்டாம் தடவை தாலாட்டில் அழுததால். 'வெள்ளைத் திரை, ஒன்பது நொடி' என்று பரீட்சை வைக்க வந்த அதிகாரி பைலில் எழுதிக்கொண்டு போனார்.

மூன்றாம் பரீட்சை வியாழக்கிழமை மேட்னியில்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா பழையபடி வாசலுக்கே போயிரணும்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலையில் ஆவுடையப்பன் கேட்டார்: "மாஸ்டர், மனச எப்படி அடக்க?"

"மனசப் பத்தி எனக்குத் தெரியாது."

மாசானமுத்து கீழே போனார். போஸ்டர் ஒட்டுகிற பசை வாளியோடு வந்தார். பழைய பேப்பரைக் கிழித்து, சிஷ்யர் பார்க்கிற கண்ணாடி முழுக்க ஒட்டினார். ஓரத்தில் விரலால் ஒரு ஓட்டை போட்டார்.

"இப்பப் பாருங்க."

"மூலை மட்டுந்தான் தெரியுது."

"ம்."

"அப்ப படம்?"

"அது கீழ இருக்கவங்களுக்கு."

அன்று மேட்னி முழுக்க ஆவுடையப்பன் ஓட்டை வழியாகப் பார்த்தார். கால்வாசி மின்விசிறி தெரிந்தது. ஒரு தென்னை ஓலை. கதாநாயகனின் சுருட்டை முடியில் ஒரு சுருள். படம் முடிந்ததும் மாஸ்டரிடம் வந்தார்.

"ஒரு சந்தேகம். நடுவுல நிலா வருது. பொட்டுன்னு நெனச்சு ரெண்டு தடவ கை போயிட்டு."

"நிலாவ வச்சுப் பாட்டுப் பாடுவான். பொட்டு வந்தா எவனும் பாட மாட்டான்."

ஆவுடையப்பன் அதை மனப்பாடம் செய்துகொண்டார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். இந்தத் தடவை புது ஆள். ஜில்லாவிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு. ஸ்டூலை இழுத்துப் போட்டு இன்னொரு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். பேப்பர் ஒட்டிய கண்ணாடியைப் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"அவருக்குக் கண்ணு கூசும்" என்றார் மாசானமுத்து.

"ம். ஆரம்பிங்க."

படம் அண்ணன் தங்கச்சிக் கதை. முதல் ரீலில் அம்மா செத்தாள். இரண்டாம் ரீலில் அண்ணன் கல் உடைத்துத் தங்கச்சியைப் படிக்கவைத்தான். அதிகாரி பைலை மடியில் வைத்தார். மூன்றாம் ரீலில் பைல் தரையில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

ஆவுடையப்பன் ஓட்டையில் கண்ணை வைத்தபடி நின்றார். பொட்டு. மோட்டாரைப் போட்டார். பொட்டு. மாற்றினார். தங்கச்சி கல்யாணமாகிப் போகிறபோது கீழே நானூறு பேர் மூக்கைச் சிந்தினார்கள். அவருக்குத் தெரிந்தது பந்தலில் கட்டிய வாழைக்குலையின் ஒரு சீப்பு. பொட்டு. மாற்றினார்.

ஏழாவது ரீலோடு இடைவேளை. விளக்கு எரிந்தது.

அதிகாரி கைக்குட்டையால் முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டார். "அதுக்குள்ளயா இன்டர்வெல்லு?" என்றார். கீழே கிடந்த பைலை எடுத்துத் தூசி தட்டினார். பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். வெறும் தாள்.

"ரீல் எத்தன தடவ மாத்தினீங்க?"

"ஆறு தடவ சார்."

"எப்ப?"

"அப்பப்ப சார்."

"நான் ஒண்ணு கூடப் பாக்கலையே. இங்கதான உக்காந்திருந்தேன்."

"மாத்தினேன் சார். சத்தியமா."

"சத்தியத்துக்கெல்லாம் தாள்ல எடம் இல்ல. 'அதிகாரி நேரில் கண்டது'ன்னு போட்டிருக்கு, பாருங்க. காணாததக் கண்டேன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட?" அதிகாரி பேனாவை மூடினார். "அடுத்த வருசம் பாப்போம்."

இப்போது வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பவன் இடைவேளை முடிகிற மணியடித்தான். ஆவுடையப்பன் அந்தத் திசையைப் பார்த்தார். அப்புறம் மாஸ்டரைப் பார்த்தார்.

"மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க."

மாசானமுத்து எட்டாவது ரீலை மிஷினில் ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நீங்க பாத்திருந்தா அவரு பெயில் சார்."