எட்வின் பொட்டு வைத்த ராணி

இந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. தென் இங்கிலாந்தில் எல்ம்ஹோல்ட் என்றொரு சிற்றூர். அதை ஒட்டிய காட்டில், ஓர் ஓக் மரத்தடியில் தொடங்கி அங்கேயே முடிந்துபோனது. உரிமை கேட்டவர்கள் மூன்று பேர். மூவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் இதிலுள்ள சிக்கல்.

மூவரில் ஒருத்தியான வினிஃப்ரெட்டின் கணவர் எட்வின் ஹோல்ட், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு காய்ச்சலில் இறந்துபோனார். வயல்களின் வேலிப்புதரை வெட்டிச் சீர்செய்வது அவர் தொழில். பேச்சு மிகக் குறைவு. தேநீர் நன்றாயிருக்கிறது என்பதைக்கூடக் காலிக் கோப்பையை மறுபடி நீட்டித்தான் சொல்வார். அப்படிப்பட்டவரோடு இத்தனை வருடம் வாழ்ந்த வினிஃப்ரெட்டுக்கு, அவர் போன பிறகு நினைத்துப் பார்க்க முகம் இருந்தது, கை இருந்தது, பேச்சுத்தான் போதவில்லை.

அவர் விட்டுப்போனது தோட்டத்து மூலையில் ஒரு தேனீப் பெட்டி. ராணித் தேனீயைக் கூட்டத்தில் சட்டென்று கண்டுபிடிப்பதற்காக, போன கோடையில் அதன் முதுகில் வெள்ளை வண்ணத்தால் ஒரு பொட்டு வைத்திருந்தார். வேலைக்காரத் தேனீக்களுக்கு ஆயுள் குறைவு. வசந்தம் வந்தபோது எட்வினின் கை பட்ட உயிர் அந்தப் பெட்டியில் ராணி ஒன்றுதான். வெயில் அடிக்கும் நாளில் வினிஃப்ரெட் மூடியைத் திறந்து அந்தப் பொட்டைத் தேடுவாள். கண்டதும் மூடிவிடுவாள்.

மே மாதத்து நண்பகல் ஒன்றில் பெட்டி இரைந்தது. பாதிக் கூட்டம் பிரிந்து, புகைபோல் ஆப்பிள் மரத்துக்கு மேலே எழுந்தது. கூட்டம் பிரிந்தால் பழைய ராணிதான் வெளியேறும், புதியதொன்று பெட்டியில் பிறக்கும். அது அவளுக்குத் தெரியும். கையிலிருந்த வாணலியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிரிந்த கூட்டத்தைக் கண்ணிலிருந்து விடாமல், ஊர் கேட்கச் சத்தமெழுப்பித் துரத்தினால், அது யார் நிலத்தில் போய் அமர்ந்தாலும் துரத்தியவருடையது. பார்வையிலிருந்து தப்பிவிட்டால் உரிமை போச்சு.

வயலைத் தாண்டி, ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தாள். பீச் மரங்களுக்கு அடியில் சரிவு முழுக்க நீலமணிப் பூக்கள். வருடாவருடம் அந்த இடத்தில் எட்வின் நின்று தொப்பியைக் கழற்றுவார், ஒன்றும் சொல்லமாட்டார். வினிஃப்ரெட்டின் கால்கள் தாமாக நின்றுவிட்டன. கரண்டி நின்றது. பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. நிமிர்ந்தபோது மேலே இலைகள்தான் இருந்தன. தேனீக்கள் இல்லை.

தேடிக்கொண்டு ஓக் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது, ரொட்டிக்கடைக்காரரின் மனைவி ஐவி ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வைக்கோல் கூடை முழுக்கத் தேனீ. கழுத்திலும் கன்னத்திலும் கொட்டு வாங்கி முகம் வீங்கியிருந்தது. கீழே நின்ற பெல்லமி, அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்.

"மரம் என்னுது. மரத்துல தங்கினதும் என்னுதுதான்," என்றார் பெல்லமி.

"அது எங்க வீட்டுக் கூட்டம்," என்றாள் வினிஃப்ரெட், மூச்சு வாங்கியபடி.

பெல்லமி அவள் கையிலிருந்த வாணலியைப் பார்த்தார். "வழி நெடுகக் கண்ணை எடுக்காம வந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் மறுக்க ஆளில்லை. காட்டில் அவள் நின்றதைக் கண்டவர் எவருமில்லை.

"இல்ல. பூச்சரிவுல நின்னுட்டேன்," என்றாள்.

ஐவி தயங்கித் தயங்கிப் பேசினாள். "மிஸஸ் ஹோல்ட், பிடிச்சதுக்காக நான் கேக்கல. குளிர்ல என் பெட்டி ரெண்டும் செத்துப்போச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே, அறுவடைத் திருவிழாவுல உங்க வீட்டுக்காரர் எனக்கு வாக்குக் குடுத்திருந்தார். அடுத்து பிரியிற கூட்டம் உனக்குத்தான்னு."

"அவர் சொன்னதை வேற யார் காதால கேட்டாங்க?" என்றார் பெல்லமி.

"யாருமில்ல."

"எட்வின் வாயைத் திறந்து அவ்வளவு பேசினாரா?" என்றாள் வினிஃப்ரெட். "அவர் சொன்னதை அப்படியே சொல்லு."

ஐவி யோசித்துச் சொன்னாள். "'இன்னொரு பெட்டிக்குத் தோட்டத்துல இடமிருக்கு. ஆனா அப்போ பெட்டிக்கு ஒண்ணா ரெண்டு, வீட்டுக்குள்ள ஒண்ணுன்னு மூணு ராணி ஆயிடும். வின்னிக்கு ஒத்துவராது'ன்னார். சொல்லிட்டு அவரே சிரிச்சார்."

வின்னி என்று கூப்பிட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அதுவும் வீட்டுக்குள் மட்டும்.

வினிஃப்ரெட் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். கொத்தாகத் தொங்கிய உடல்களுக்கு நடுவே வெள்ளைப் பொட்டு ஒருமுறை தெரிந்து மறைந்தது.

நிலத்துக்காரர், வளர்த்த வீட்டுக்காரி, வாக்குப் பெற்றவள். அந்தக் கூட்டம் இம்மூவரில் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பெல்லமிக்கு இல்லை. வழிப்போக்கன் நிழலுக்கு ஒதுங்கினான் என்பதற்காக மரத்துக்காரனுக்கு அடிமையாகிவிடுவதில்லை. வினிஃப்ரெட்டின் பார்வை தவறியது அவளுடைய உரிமையைக் கெடுத்தது என்பார்கள். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெட்டி அவளுக்கு எட்வினிடமிருந்து வந்தது. அவர் கொடுத்த வாக்கும் அதோடு சேர்ந்தே வந்தது. சாட்சி இல்லாத அந்த வாக்கு உண்மைதானா என்று சொல்லக்கூடியவளும் அவள் ஒருத்திதான்; 'வின்னி' என்ற பெயரை எட்வின் வாயிலிருந்தல்லாமல் ஐவி கேட்டிருக்க முடியாது. ஆகவே கூட்டம் ஐவிக்கு. வினிஃப்ரெட் அப்படித்தான் தீர்த்தாள். வாணலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடையின் மறுபக்கக் காதைப் பிடித்து ஊர் எல்லைவரை கூடவே நடந்தாள். பாதி வழியில், "அந்த மூணு ராணின்னாரே, அதை இன்னொரு தடவை சொல்லேன்," என்றாள். வீங்கிய உதட்டோடு ஐவி மறுபடியும் சொன்னாள்.