மாரிச்செல்வியின் சைக்கிள்

நீச்சலடிக்கக் கிணற்றில் குதித்தபோது பாறையில் மோதி மாரிச்செல்வியின் முதுகெலும்பு உடைந்தது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று.

மறுவாழ்வு மையத்தில் ஒரு சைக்கிள் இருந்தது. தொடையில் பட்டைகளை ஒட்டி லேசாகக் கரண்ட் விட்டால் தசை இறுகும். செயலற்ற கால்கள் பெடலை மிதிக்கும்; சூம்பிய தசை மெல்ல வளரும். அந்தப் பயிற்சியைக் கொடுக்கப் பழக வந்திருந்தாள் கிருபா. பழக்கியவர் மெஹருன்னிசா.

தன் கால்கள் சுற்றுவதை முதன்முதலாகக் கண்ட மாரிச்செல்வி கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நடந்திருவேனா?"

கிருபாவுக்கு மனசு தாங்கவில்லை. "நடந்திருவே" என்றாள்.

மெஹருன்னிசாவின் காதில் அது விழுந்தது. பயிற்சி முடிந்ததும் கிருபாவைத் தனியே அழைத்தார்.

"போய் உண்மையைச் சொல்லிட்டு வா."

"அந்த ஒரு நம்பிக்கையிலதான் மேடம் அவ..."

"நீ சொன்னது உன் ஆறுதலுக்கு. போ."

கிருபா போனாள்.

"இந்த மிஷின் உன்னை நடக்க வைக்காது செல்வி. நான் சொன்னது தப்பு."

மாரிச்செல்வி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல நாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை; சைக்கிள் சும்மா கிடந்தது. கிருபா அதைத் துடைப்பாள், வாசலைப் பார்ப்பாள், மறுபடி துடைப்பாள்.

"நான் போய்க் கூப்பிடட்டுமா மேடம்?"

"வேண்டாம். வரணும்னா அவளா வரட்டும்."

ஒரு காலையில் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள் மாரிச்செல்வி.

"ஒட்டுங்கக்கா."

அதன்பின் மழைக்காலம் முழுக்க ஒரு பயிற்சியையும் அவள் தவறவிடவில்லை.

பிறகொரு நாள், அம்மா பேச்சியம்மாள் அவளைக் கட்டிலிலிருந்து இறக்கக் காலைத் தூக்கினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏட்டி, குச்சியா கெடந்த காலு, இப்ப என்ன கனம் கனக்கு!"

மாரிச்செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துக் கிருபா அதுவரை பார்த்ததில்லை.

அன்று மாலை கிருபா மெஹருன்னிசாவிடம் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. நடையைக் கொடுக்க நம்மால முடியல. சுமையைத்தான் கூட்டியிருக்கோம். இதுல அவ எதுக்கு மேடம் சிரிச்சா?"

மெஹருன்னிசா பட்டைகளைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"இத்தனை நாளா அவங்க அம்மா தூக்கினது வெறும் எலும்பை. இன்னைக்குத் தூக்கினது மக காலை."