கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒரு பெட்டி

ஓசூரில் பயணப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் பெட்டிகளைச் சோதிக்கிறவள் எஸ்தர் ராணி. விமானத்தில் கையோடு கொண்டுபோகிற புதுப் பிளாஸ்டிக் பெட்டி பூப்போல லேசாக இருந்தது. ஆனால் இடுப்பு உயரத்திலிருந்து போட்டதுமே மூலையில் பிளந்தது. அவள் எடுத்துச் சொல்லியும் முதலாளி தண்டாயுதம் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"நாளைக்கு வியாபாரிங்க வர்றாங்க. பெட்டியை நீ கீழே போடக் கூடாது. ஆனா இது உடையாதுன்னு அவங்க நம்பணும். இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

"சரிங்க சார்," என்றாள் எஸ்தர்.

மறுநாள் மாடி வராந்தாவில் வியாபாரிகள் முன்னால் முதலாளி மார்தட்டினார். "இங்கேருந்து விழுந்தாலும் ஒரு கீறல் விழாது!"

எஸ்தர் பெட்டியைத் திறந்து நீட்டினாள். "சார், உங்க செல்போனை இதுல வைங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் மறுக்க முடியாமல் வைத்தார். அவள் பெட்டியை மூடி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள்.

"ஐயையோ, போட்டுடாதே! பெட்டி பிளந்துடும்!" என்று அலறினார் தண்டாயுதம்.

வியாபாரிகள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று புரிந்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

"நான் போடலையே சார்," என்று எஸ்தர் பெட்டியை மெதுவாக உள்ளே எடுத்தாள்.

வியாபாரிகளில் மூத்தவர் எழுந்தார். "இந்தம்மா தைரியமா போட்டுக் காட்டுற பெட்டி தயாரானதும் சொல்லியனுப்புங்க. அப்ப வர்றோம்."