நானே கிடந்தாலும்

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவனை மெச்சாதவர் உண்டா? மெச்சுங்கள், யார் வேண்டாமென்றது? இந்த மூன்று பேருக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு மெச்சுங்கள்.

திருச்செங்கோட்டு டிரைவர்கள் மூவர், ஆளுக்கொரு லாரியில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு, இமயமலைக்குள் எங்கோ நடந்த சுரங்கப்பாதை வேலைக்குப் போனார்கள். முன்னால் போனவன் நாச்சிமுத்து. நடுவில் அர்த்தநாரி; நாச்சிமுத்துவுக்குத் தன் தங்கை பாவாயியைக் கட்டிக்கொடுத்தவன். கடைசியில் வந்த வையாபுரி இருவருக்கும் உறவில்லை, வழியெல்லாம் ஒரே அடுப்பில் பொங்கித் தின்ற பழக்கம்தான். வடக்கே போகப் போக ஊர் குறைந்தது, மரம் குறைந்தது, கடைசியில் பாறையும் பனியும்தான் மிச்சம். பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும்.

கணவாயில் வழிப்பறிக் கும்பல் ஒன்று திரிவதாக அடிவாரத்து டாபாவில் சொன்னார்கள். ஆளைச் சாலையில் கிடத்திவைத்து, இரக்கப்பட்டு நிறுத்துகிறவனைக் கொன்று, டயர் முதல் டீசல் வரை உருவிக்கொள்வார்களாம். கிளம்பும் முன் வழக்கம்போல் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாச்சிமுத்து ஒரு பழத்தைக் கையில் எடுத்து, மற்ற இருவரையும் அதன்மேல் கை வைக்கச் சொன்னான்.

"ரோட்டுல எவன் கெடந்தாலும் நிறுத்தக் கூடாது. நானே கெடந்தாலும் மேல ஏத்திட்டுப் போயிரோணும். சத்தியம்."

மூவரும் சத்தியம் செய்தார்கள். டீ குடித்துக்கொண்டு சொல்லும்போது எல்லாம் சுலபம்தான்.

பொழுது சாயும் நேரம். வலப்பக்கம் பாறைச் சுவர், இடப்பக்கம் அதலபாதாளம், நடுவே ஒரு லாரிக்குத்தான் இடம். வளைவு திரும்பியதும் நாச்சிமுத்துவின் லாரி அர்த்தநாரியின் கண்ணில் பட்டது. பாதை சற்று அகன்ற இடத்தில், பாறையில் மூக்கை இடித்துக்கொண்டு ஓரமாக நின்றது. முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது, கதவு திறந்து கிடந்தது. அதைத் தாண்டி, பாதைக்குக் குறுக்கே, ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். தலையில் பாவாயி பின்னிக்கொடுத்த சிவப்புக் குல்லாய். முகமும் குல்லாயும் ஒரே நிறமாக இருந்தன. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே திசை மாறிக் கிடந்தது.

மேலிருந்து கல் வந்து விழுந்தது. அர்த்தநாரியின் கண்ணாடி உடைந்து மடியில் கொட்டியது. தங்கை முகம் கண்முன் வந்தது. ஆனாலும் சத்தியத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். லாரி உறுமிக்கொண்டு முன்னேறியது.

கிடந்தவன் தலையைத் தூக்கி அதைப் பார்த்தான். கைகளால் தரையைப் பிறாண்டி உடம்பை இழுத்து, பாதைக்கு நேராகத் திரும்பி, மல்லாந்து, கைகளை மார்போடு ஒட்டிக்கொண்டான். ரிப்பேர் பார்க்க லாரிக்கு அடியில் போகிற டிரைவர் படுக்கிற படுக்கை அது. அர்த்தநாரி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, அவனைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டு, மேலே ஓட்டினான். பின் ஆக்ஸில் நாச்சிமுத்துவின் சட்டையையும் நெஞ்சுத் தோலையும் உரித்துக்கொண்டு போயிற்று. படியில் தாவி ஏறி அரிவாளை ஓங்கியவனை அர்த்தநாரி பாறைச் சுவரோடு வைத்துத் தேய்த்தான். எலும்பு நொறுங்கியது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நேரே ராணுவச் சாவடிக்குப் போய்த்தான் வண்டியை நிறுத்தி, உதவிக்கு ஆள் கேட்டான்.

பின்னால் வந்த வையாபுரி பிரேக்கை மிதித்தான். சத்தியம் அங்கேயே போயிற்று. ஜாக்கி லிவரோடு குதித்து, முதலில் வந்தவன் மண்டையைப் பிளந்தான். அடுத்தவன் தாடையைப் பெயர்த்தான். இன்னொருவன் கத்தி அவன் வயிற்றில் இறங்கியது. குத்திய கையைப் பிடித்து முறித்துப் பள்ளத்தில் தள்ளினான். மிச்சப் பேர் பாறை மேல் ஏறி ஓடினார்கள். நாச்சிமுத்துவைத் தூக்கிக் கேபினில் போட்டு, ஒரு கையால் குடலை அமுக்கிக்கொண்டு, மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டினான். கியரை நாச்சிமுத்து போட்டான். சிப்பாய்களின் ஜீப் எதிரே வந்தபோது லாரி நின்றிருந்தது. வையாபுரி ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தான், உயிர் இல்லை.

நாச்சிமுத்து ஒற்றைக் காலோடு ஊர் வந்து சேர்ந்தான். வையாபுரிக்குக் காரியம் செய்த அன்று சாதிசனமெல்லாம் கூடியிருந்தது. பாவாயி அண்ணனின் முகத்தைப் பார்த்துப் பேசி நாளாகியிருந்தது. அவள் காதில் விழ, எல்லாரும் கேட்க, அர்த்தநாரி சொன்னான்:

"மாப்ள நேராத் திரும்பிப் படுத்து, மேல ஓட்டிட்டுப் போன்னு காட்டுனாரு. அதனாலதான் போனேன்."

நாச்சிமுத்து ஆமாமென்று தலையாட்டினான். மச்சான் வாக்கைக் காப்பாற்றினார், ராணுவத்தைக் கூட்டிவந்ததும் அவர்தான் என்றான்.

"அப்ப என்ற ஊட்டுக்காரரு நிறுத்துனது தப்புங்களா?" என்று வையாபுரியின் மனைவி கேட்டாள். கூட்டம் பந்திக்கு எழுந்தது.

நீங்களாவது சொல்லுங்கள். சத்தியம் வாங்கியவன் ஒருவன், அதைக் காத்தவன் ஒருவன், உடைத்தவன் ஒருவன். இதில் யார் செய்தது சரி?

விடை: நாச்சிமுத்து திரும்பிப் படுத்தது எப்போது என்று பாருங்கள். அர்த்தநாரி ஆக்ஸிலேட்டரை மிதித்த பிறகு. அவன் வழி காட்டவில்லை. லாரி நிற்காது என்று கண்டு தன் உயிரையும், கொலைப் பழியிலிருந்து மச்சானையும் சேர்த்தே காப்பாற்றிக்கொண்டான். நானே கிடந்தாலும் என்று சொன்னவனும், கிடந்தபோது பிழைக்கத்தான் ஆசைப்பட்டான். அதைப் புரிந்துகொண்டு பிரேக்கை மிதித்தவன் வையாபுரி ஒருவன்தான். அவன் செய்ததே சரி. அர்த்தநாரி பயந்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அந்தப் பயத்துக்கு வாக்கு என்று பேர் வைத்துக் காரிய வீட்டில் சொன்னானே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாவாயிக்கும் பொறுக்கவில்லை. அன்று பந்தியில் அண்ணன் இலையில் சோறு போட்டுக்கொண்டே மெல்லக் கேட்டாள்: "அவரு திரும்புறதுக்கு முந்தி உங்க காலு எதுல இருந்துச்சுங்ண்ணா?"

அர்த்தநாரி இலையை மூடிவிட்டு எழுந்தான்.