ஏழரை மணி அட்டை

ஜெபக்கனி என்று ஒரு நடைப்போட்டி வீராங்கனை இருந்தாள். ஏழு ஆண்டுகளாக மாநிலத்தில் அவள்தான் முதலிடம். அவளுடைய காலணிகள் அக்காள் தங்கை போல. வலது அக்காள், இடது தங்கை.

நடைப்போட்டியில் எந்நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். தவறினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று அட்டை விழுந்தால் வெளியேற வேண்டியதுதான்.

முப்பத்து மூன்று வயதில், வெளிநாட்டுப் போட்டிக்குப் போக அவளுக்குக் கடைசி வாய்ப்பு வந்தது. தகுதிப் போட்டி காலை ஆறு மணிக்கு என்றார்கள். கொடியசைக்க வேண்டிய சங்கத் தலைவர் தாமதமாக வந்ததால் ஆறே முக்காலுக்குத்தான் தொடங்கியது. தலைவரின் தங்கை மகளும் போட்டியில் இருந்தாள்.

பதினெட்டாவது கிலோமீட்டர். ஜெபக்கனி முந்நூறு மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நடுவர் ஒருவர் குறுக்கே வந்தார்.

"மூணு அட்டை விழுந்துடுச்சும்மா. வெளியே வா."

அவள் நேராகத் தலைமை நடுவரின் மேசைக்குப் போனாள். மூன்றாவது அட்டை அங்கே குப்புறக் கிடந்தது.

"நாங்க எப்போடி தரையை விட்டோம்?" என்று அதட்டியது அக்காள் காலணி.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றது அட்டை. "நேத்து சாயந்திரமே என்மேல எழுதிட்டாங்க."

ஜெபக்கனி அதைப் புரட்டினாள். அவளுடைய எண். பதினெட்டாவது கிலோமீட்டர். நேரம், ஏழரை மணி.

"ஏழரைக்கு நாம பாதி தூரம்கூடத் தாண்டலையே!" என்று கத்தியது தங்கை காலணி.

"சார், இதுக்கு என்ன சொல்றீங்க?" அட்டையை நீட்டிக் கேட்டாள் ஜெபக்கனி.

தலைமை நடுவர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "கடிகாரம் தப்பா ஓடியிருக்கும்."

"நான் சரியாத்தான் ஓடுறேன்!" என்றது மேசைக் கடிகாரம். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெபக்கனி மீண்டும் பாதைக்குப் போய், மீதி இரண்டு கிலோமீட்டரையும் நடந்து முடித்தாள். யாரும் நேரம் குறிக்கவில்லை.

அவள் எழுதிக் கொடுத்த புகாரை விசாரிக்கக் குழு அமைத்தார்கள். அது கூடுவதற்குள் தலைவரின் தங்கை மகள் விமானம் ஏறிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. தவறு நடந்ததைக் குழு ஒப்புக்கொண்டது. இனி நடக்காமலிருக்க நடவடிக்கையும் எடுத்தது.

புதிய அட்டைகளில் நேரம் எழுதும் கட்டமே இல்லை.