வாய் விண்ட சட்டியும் மடைப்பள்ளி அதிகாரியும்

ஆறு நிறையத் தண்ணீரும் ஊர் நிறையப் பேச்சும் இருந்த ஒரு காலத்தில், கருங்குள நாட்டைக் கண்டராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அடுத்தவர் இலையில் இருப்பது தன் இலையில் இல்லையென்றால் அவனுக்குத் தூக்கம் வராது.

ஒருநாள் ஏரிக்கரையைப் பார்வையிடப் போனவன் மழையில் தொப்பலாக நனைந்து, வழியிலிருந்த மந்திரி அழகியநம்பியின் வீட்டுக்குள் நுழைந்தான்.

"நம்பி, பசி உயிர் போகிறது. இருப்பதைப் போடச் சொல்!"

மந்திரியின் மனைவி பெரியநாச்சி அடுக்களைக்கு ஓடினாள். சோறு சூடாக இருந்தது. குழம்போ நேற்று வைத்த சுண்டைக்காய் வற்றல் குழம்பு. அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. ராஜாவின் பாட்டனாருக்கு ஒருமுறை வயிற்றுவலி வந்ததிலிருந்து, அரசனுக்கு முந்தின நாள் உணவைப் படைப்பவர் நாடு கடத்தப்படுவார். அந்திமணி அடித்தால் போதும், அரண்மனை மடைப்பள்ளியில் மிச்சமிருக்கும் சட்டிகளையெல்லாம் கவிழ்த்துவிடுவார்கள்.

புதிதாக வைக்க நேரமில்லை. நாச்சி, விளிம்பு உடைந்து வாய் விண்டிருந்த அந்தக் குழம்புச் சட்டியையே அடுப்பில் ஏற்றிச் சுண்டவைத்துப் பரிமாறினாள். ராஜா மூன்று முறை சோறு வாங்கினான். கடைசியில் சட்டியையே எட்டிப் பார்த்தான்.

"வாய் விண்ட சட்டியில் இப்படி ஒரு ருசியா! நம்பி, நாட்டுக்கு நான் ராஜா, நாக்குக்கு நீ ராஜாவா? அம்மா, பக்குவத்தைச் சொல்லு."

அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு, வெந்தயத்தை எந்த நிறத்தில் வறுக்கவேண்டும், நல்லெண்ணெய் எப்போது மேலே மிதக்கும், எல்லாம் சொன்னாள். அது நேற்றையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ராஜா அரண்மனைக்குத் திரும்பி அந்தப் பக்குவத்தைச் சொல்லி அதேபோல் வைக்கச் சொன்னதும், மடைப்பள்ளி அதிகாரி உமைபங்கனுக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷமாக அவன் அனுப்பிய தட்டுகளுக்கு ராஜா தலையைக்கூட ஆட்டியதில்லை. ஒரு மந்திரி வீட்டுச் சட்டிக்கு இத்தனை புகழா? சமையல்காரர்களைத் தள்ளிவிட்டு அவனே அடுப்படியில் உட்கார்ந்தான். சொன்ன அளவு, சொன்ன நிறம், சொன்ன எண்ணெய். கண் சிவந்தது, மீசை நுனி பொசுங்கியது.

ராஜா ஒரு வாய் வைத்தான். "புளி ஒரு பக்கம் நிற்கிறது, காரம் ஒரு பக்கம் நிற்கிறது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி!"

இப்படிப் பதினோரு தடவை ஆயிற்று. பன்னிரண்டாவது தடவை உமைபங்கன் கரண்டிக்குப் பதில் வாயை எடுத்தான். "மகாராஜா, என் கையில் குறையில்லை. அந்த அம்மாள் எதையோ ஒளித்துவிட்டாள். அரசனிடம் ஒளிப்பது துரோகமல்லவா?"

ராஜாவுக்கும் பொறாமை ஏற்கெனவே புகைந்துகொண்டுதான் இருந்தது. "நம்பி, பௌர்ணமி விருந்தில் அந்த ருசி என் இலைக்கு வரவேண்டும். வராவிட்டால் உன் மனைவி ஆயுள் முழுக்க என் மடைப்பள்ளியிலேயே இருந்து சமைக்கட்டும்!"

வீட்டுக்கு வந்த மந்திரியிடம் நாச்சி சொன்னாள்: "சொல்லாவிட்டால் வீடு போகும், சொன்னால் நாடு போகும். நான் எங்கே போக?"

"நீ எங்கேயும் போகவேண்டாம். பௌர்ணமிக்கு முதல்நாள் அதே குழம்பை வை. சட்டியைப் பின்முற்றத்து மாடத்தில் வைத்துவிடு."

"பூனை எடுத்துவிடுமே?"

"பூனை எடுக்கத்தான் வைக்கச் சொல்கிறேன்" என்றான் நம்பி.

பௌர்ணமிக்கு முதல்நாள் அவன் சபையில் எழுந்து, உமைபங்கனின் காதில் விழும்படி உரக்கச் சொன்னான்: "மகாராஜா, எல்லாம் எங்கள் வீட்டுச் சட்டிக்குள்தான் இருக்கிறது. நாளைக்கு அதை அப்படியே கொண்டுவருகிறேன்."

உமைபங்கன் விடுவானா? மறுநாள் விடியற்காலையில் மந்திரி வீட்டுப் பின்முற்றத்துச் சுவரேறிக் குதித்தான். முழங்கால் தேய்ந்தது, வேட்டி கிழிந்தது, சட்டி கைக்கு வந்தது. குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றப் பயம். ருசி சட்டியில் ஒட்டியிருந்தால்? அதனால் சட்டியோடு சூடுபண்ணி, பட்டுத்துணி போர்த்தி, மந்திரியை முந்திக்கொண்டு பந்திக்கு வந்தான்.

ராஜா ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். "இதுதான்! இதுவேதான்!"

"அடியேன் கையால் இன்று காலை வைத்தது, மகாராஜா! அந்த அம்மாள் ஒளித்ததை நானே கண்டுபிடித்துவிட்டேன்."

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றினான். நாச்சியோடு பந்திக்கு வந்திருந்த நம்பி பணிவாகக் கேட்டான்: "அதிகாரி ஐயா, ஒரு சந்தேகம். யாராவது மகாராஜாவுக்கு நேற்றைய குழம்பைப் போட்டால் என்ன தண்டனை?"

"நாடு கடத்தவேண்டும்! இரக்கமே கூடாது!" என்று உமைபங்கன் முந்திக்கொண்டான்.

"அப்படியானால் அந்தப் பட்டுத்துணியைக் கொஞ்சம் விலக்குங்கள்."

ராஜாவே எட்டி இழுத்தான். விண்ட வாய் தெரிந்தது. "அடே! இது நம்பி வீட்டுச் சட்டி!"

"என் மனைவி நேற்று வைத்த குழம்பு, மகாராஜா."

உமைபங்கன் கைகூப்பினான். "ஐயோ! நேற்றையது என்று எனக்குத் தெரியாது! எடுத்தது மட்டும்தான் நான்!" சட்டென்று அவனுக்கு இன்னொன்றும் பொறிதட்டியது. "அப்படியானால் அன்றைக்கும் இவள் பழையதைத்தான் போட்டிருக்கிறாள்! இவளையும் கடத்துங்கள், மகாராஜா!"

நாச்சி தலை நிமிர்ந்தாள். "ஆமாம், மகாராஜா. பசியோடு வந்தீர்கள். இருந்ததைப் போட்டேன். வற்றல் குழம்பு ஓர் இரவு ஊறினால்தான் புளியும் காரமும் கைகோக்கும். அதிகாரி வைத்த குழம்பில் குற்றமே இல்லை. ஒவ்வொரு நாளும் ருசி வரும் முன்னே கவிழ்த்துவிட்டார்கள்."

ராஜா இலையைப் பார்த்தான். அது வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது. சிரிப்பு பீறிட்டது. "பாட்டனார் வயிற்றுவலிக்கு என் நாக்கு எதற்குத் தண்டனை அனுபவிக்கவேண்டும்? அந்தச் சட்டத்தைக் கவிழ்த்துவிடுங்கள்!" முத்துமாலை நாச்சியின் கைக்குப் போயிற்று.

"உமைபங்கா, நீ அவசரக்காரன். இனி வற்றல் குழம்பு வைக்கும் நாளெல்லாம் விடியும்வரை சட்டிக்கு நீதான் காவல். தொட்டு நக்கினாயோ, தொலைந்தாய்!"

அப்படியே காவலிருந்தான் உமைபங்கன். பொறாமைப்பட வேறு ஆள் கிடைக்காமல் கடைசியில் சட்டியைப் பார்த்தே பொருமினானாம்: "ஒரு ராத்திரி சும்மா கிடந்த உனக்கு இத்தனை மதிப்பு. முப்பது வருஷம் வெந்த என்னை ஒருத்தரும் ருசி பார்க்கவில்லையே!"